பூனைக்குப் பெயர் வைக்கவில்லை

கவிஞர் அந்தக் கவிதையைத் தாளைப் பார்க்காமலேயே சொன்னார். அவர்கள் வீட்டுப் பூனையைப் பற்றிய கவிதையாம்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு ஆச்சரியம். அவருடைய கோழிக்கிறுக்கல் அவளைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். இந்தக் கவிதை மட்டும் அவள் கைக்கு வரவே இல்லை.

நம்மை அசத்தத்தான் மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். பாவம், கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள்.

பூனை காலையில் சமையலறை ஜன்னலோரம் நின்று பின்கழுத்தில் வெயில் வாங்குமாம். மிச்சம் மீதி இருந்தால் தின்னும், இல்லாவிட்டால் முகம் சுளிக்காது. எத்தனை மணிக்கு வந்தாலும் எங்கே போனாய் என்று கேட்காது. எரிந்து விழுந்தால் மூலையில் சுருண்டு படுக்கும். விடிந்ததும் எதுவுமே நடக்காதது போல வந்து நிற்கும்.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஈரத்தலையோடு அந்த ஜன்னலோரம் நிற்பவள் அவள்.

கதவு திறந்தே கிடக்கிறது, ஆனாலும் அது போவதில்லை என்றார் கவிஞர். இருப்பதே போதும் அதற்கு. ஆசை என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு?

போன வருடம் அவளுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊரில் வேலை வந்தது. ஆசை ஆசையாகப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். நீ இல்லாமல் ஒரு வரி ஓடாது என்று அவர் கண் கலங்கினார். மனசு கேட்காமல் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பெட்டி பரணில் கிடக்கிறது.

மனிதர்கள் பூனையிடம் பாடம் கற்க வேண்டும் என்று கவிதை முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த மனிதனை நம்பித்தானே எல்லாவற்றையும் விட்டேன் என்று இவள் உள்ளுக்குள் பொருமினாள். இனி இவருக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, பூனையின் பெயரைக் கேட்டாள்.

"பேரெல்லாம் வைக்கலம்மா. 'இந்தா'ன்னா வந்துடும்."

கூட்டம் ரசித்துச் சிரித்தது.

கவிஞர் அடுத்த கவிதைக்குத் தாளை எடுத்தார். இது மனப்பாடம் இல்லை போலும். சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி அங்கே இல்லை. மைக்கை விட்டு விலகாமல், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இந்தா..."

சிரிப்பு சட்டென்று நின்றது. முன்வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.

அதற்குள் அவள் கையில் கண்ணாடிக் கூட்டோடு எழுந்து நின்றிருந்தாள்.