லிஃப்டில் நின்றுபோன பேச்சு

லிஃப்ட் கதவு திறந்ததும், உள்ளே பேசிக்கொண்டிருந்த எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கின் முனீரா அக்காவும் விசாலாட்சி ஆன்ட்டியும், தூங்கும் பிள்ளையோடு நின்ற என்னைக் கண்டு சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்த நான்காம் மாதத்திலிருந்து "ரக்ஷனா" என்று யாரோ கூப்பிடுவதுபோல் எனக்குக் கேட்கிறது. திரும்பினால் யாரும் இல்லை.

"இது இன்னும் நோய் இல்லை. நோயாகாமப் பாத்துக்கலாம், வந்து பேசுங்க" என்றார் மனநல ஆலோசகர் அஃப்ரீன். செவ்வாய்தோறும் போகிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தையும், அதாவது என் மாமியாரும், கூட வருவார்.

முதல் நாளே அத்தையிடம் கெஞ்சியிருந்தேன்.

"யாருக்கும் தெரிய வேணாம் அத்தை. பைத்தியம்னு பேர் வந்துட்டா, பிள்ளையை என்கிட்ட விடுவாங்களா?"

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்!"

சொன்னது யார்? கீழே கோப்பிக்கடையில் காப்பியோடு உட்கார்ந்தால் ப்ளாக் முழுவதற்கும் செய்தி வாசிக்கிற அத்தைதான்.

அன்று அஃப்ரீனிடம் கொட்டிவிட்டேன்.

"அத்தை சொல்லிட்டாங்க. எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க. காலையில லிஃப்ட்ல என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டாங்க."

"இருக்கலாம். வேற காரணம் ஏதாவது இருக்குமா?"

யோசித்தேன். "அவங்க வீட்டு விஷயமா இருக்கலாம். இல்லேன்னா, பிள்ளை தூங்குதேன்னு நிறுத்தியிருக்கலாம்."

"எது உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கேட்டுடலாம்..." என்றேன்.

திரும்பி வந்தபோது அத்தை கீரை வாங்கக் கீழேயே நின்றுவிட்டார். பிள்ளையுடன் லிஃப்டுக்குள் போனால், முனீரா அக்கா.

கதவு மூடியதும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, காலையில என்னைப் பத்தியா பேசிக்கிட்டிருந்தீங்க?"

அவர் முகம் மாறியது.

"ஆமாம்லா. தப்பா எடுத்துக்காதே."

பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். எங்கள் மாடி வர இன்னும் ஆறு மாடி இருந்தது.

"விசாலாட்சி உங்க ரெண்டு பேரையும் அந்த மனநலக் கிளினிக்ல பாத்திருக்கா. நேத்து உன் அத்தைகிட்டயே கேட்டுட்டா."

"அத்தை... என்ன சொன்னாங்க?"

முனீரா அக்கா என் தோளில் கை வைத்தார்.

"மறைக்காம சொல்லிட்டாங்க. 'எனக்குத்தான் காதுல ஏதேதோ குரல் கேக்குது. பாவம் என் மருமக, கைப்பிள்ளையையும் தூக்கிக்கிட்டு வாராவாரம் என்னை டாக்டர்கிட்ட அழைச்சுட்டுப் போறா'ன்னு."