ஒரே குவியல்

“மூணாவது காட்சிய மட்டும் எடுத்துருங்க மேடம். செக்க இப்பவே தந்துட்டுப் போறேன்.”

ஆலைக் கம்பெனி அதிகாரி செந்தில்வேல் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

ஜெபகனி அந்தப் பேனாவையே பார்த்தாள். புன்னைக்காயல் திருவிழாவில் போட அவள் எழுதி இயக்கும் நாடகம். மேடைக்கும் மைக்செட்டுக்கும் நாளை சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் ஆறு மாத ஒத்திகை அம்போ.

இரண்டாவது காட்சியில் ஒரு படகு முதலாளி, கூலிக்கு வந்தவனின் பங்கை அமுக்குவார். மூன்றாவதில் ஆலைக் கழிவால் மீன் செத்து ஒதுங்கும். இந்த இரண்டும்தான் நாடகமே; மிச்சம் கும்மிப் பாட்டு.

“கவர்மென்ட்ல கேக்கலாமே?” என்றார் செந்தில்வேல்.

“போன வருசமே கேட்டாச்சு சார். பதில்தான் வரல.”

அப்போதுதான் சுஜிதா எழுந்தாள். ஜெபகனியோடு கான்வென்டில் ஒரே பெஞ்சு. எந்த நாட்டில் கலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று ஜெர்மனியில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். லீவுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

“சார், ஜெர்மனியில நகராட்சியே நாடகத்துக்குக் காசு கொடுக்கு. தன்னையக் கிண்டலடிச்சாலும் கொடுக்கு. பிரான்சுல நடிகருக்கு வேலையில்லாத மாசத்துக்கும் படி உண்டு. அமெரிக்காவுல பணக்காரன் கொடுப்பான், வரியில கழிச்சுக்கிட்டு சுவத்துல பேர எழுதிக்கிடுவான்.”

“நாங்களும் அதத்தானே...”

“அவன் பேருதான் கேக்கான். நீங்க கத்திரிக்கோலோட வந்திருக்கீங்க.”

ஒத்திகைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். செந்தில்வேல் பேனாவை மூடினார்.

“கத்திரிக்கோல் இல்லாத காசு கிடைச்சா எனக்கும் சொல்லுங்க.”

கார் போய்விட்டது.

“ஏளா, வாய் ஒனக்கு. நடுத்தெருவுல நிக்கப்போறது நானு,” என்றாள் ஜெபகனி.

“கோயில் காரியத்துக்கு மீன் கொட்டுவோம்லா, அத நாடகத்துக்குக் கேளு.”

ஊர் வழக்கம் அது. கரைக்கு வரும் ஒவ்வொரு படகும் தன் பங்கை ஏலக்கூடத்தில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டுப் போகும். அதை ஏலம் விட்டு வரும் காசு கோயிலுக்கு. யார் போட்டது, எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது.

“இப்படி ஒண்ண நான் எந்த நாட்டுலயும் பாக்கல. கொடுத்தவன் யாருன்னே தெரியாது. பெறகு எவன் வந்து காட்சிய வெட்டுவான்?” என்றாள் சுஜிதா.

ஜெபகனி அன்றே படகு படகாகப் போய்க் கேட்டாள். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் ஏலக்கூடத்துத் தரை கழுவிவிட்டது போலக் கிடந்தது. முதல் படகுக்காரர்கள் அவளைப் பார்க்காமலே கடந்து போனார்கள். இரண்டாவது படகும் அப்படியே. ஜெபகனி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது படகுக்காரர் ஒரு கூடையைக் கவிழ்த்தார். பாறை மீனும் சாளை மீனும் தரையில் சிதறின. பிறகு யார் யாரோ வந்தார்கள். குவியல் முழங்காலைத் தொட்டது.

ஏலம் கூறுபவர் தொண்டையைச் செருமினார். சுஜிதா ஓடிவந்து ஜெபகனியை ஓரமாக இழுத்தாள்.

“நேத்தே சொல்லணும்னு இருந்தேன். அந்த ரெண்டாவது காட்சி வேண்டாம்ளா.”

“ஏன்?”

“படகு முதலாளின்னா ஊரே எங்கப்பாவத்தான் நெனைக்கும். அவருக்கு மனசு தாங்காது. எங்க படகுல இருந்தும் நாலு கூடை கொட்டியிருக்கோம்லா. அந்த மரியாதைக்காவது எடுத்துரு.”

ஜெபகனி ஏலக்காரரைக் கையமர்த்தி நிறுத்தினாள். குவியலைக் காட்டினாள்.

“இதுல எது ஒங்கப்பா மீனுன்னு பொறுக்கி எடு. காட்சிய எடுத்துருதேன்.”