பலகையில் மிஞ்சிய டேக்

தாராவியின் மத்தியான வெயில் புகைக்குள் செம்மண் நிறமாகிறது. உள்ளே போகும் தீயணைப்பு வீரர்கள் தங்கள் பெயர் பொறித்த டேக்கை அதிகாரியின் பலகையில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே வந்ததும் தாங்களே கழற்றிக்கொள்கிறார்கள். எரியும் பிளாஸ்டிக் கிடங்கின் எதிரே, கணவன் சைஃபின் தலையை மடியில் தாங்கியபடி சைனப் உட்கார்ந்திருக்கிறாள். அவனைத் தோளில் சுமந்து வந்தவர் முகமூடியைக்கூடக் கழற்றாமல், கேஸ் சிலிண்டரை எடுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறார். “எல்லாரும் வந்தாச்சுல்லா,” என்று பெருமூச்சு விட்ட கிடங்கு முதலாளி ஜெயினுலாப்தீன், “பானி லோ, சாப்,” என்று அதிகாரியிடம் பாட்டிலை நீட்டுகிறார். அதிகாரி வாங்கவில்லை. பலகையில் ஒரு டேக் மிச்சமிருக்கிறது. இரண்டு பேரை உள்ளே அனுப்புகிறார். “என்னத் தூக்கியாந்தவரா?” என்கிறான் சைஃப். “நீங்க பேசாதீய,” என்கிற சைனப்பின் உதடு அசைகிறது. “யா அல்லாஹ், அந்த ஆள வெளிய கொண்டாந்துரு.” புகை விலகுகிறது. இருவரின் தோளில் தொங்கியபடி அவர் வருகிறார். பலகை முன் நின்று, தன் டேக்கைத் தானே கழற்றுகிறார். யாரும் உதவப் போகவில்லை. பிறகு சைஃபைப் பார்க்க வருகிறார். அவர் கையிலிருக்கும் டேக்கை சைனப் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். பெயர் தெரியாமல் கேட்ட துஆவில் இப்போது பெயர் இருக்கிறது. “யா அல்லாஹ், நிதின் ஜாதவுக்கு ஆயுசக் குடு, நீண்ட ஹயாத்தக் குடு.”