சூப்பர்வைசர் மேல் ஒரு ராப்

“அது என்னைப் பத்தின பாட்டுத்தானே? மறைக்காம சொல்லு.”

தன் கண்ணாடி அறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் சூப்பர்வைசர் கேட்டார். எதிரே நின்றவள் எட்டு வருஷமாக மடிப்பு மேசையில் படுக்கை விரிப்பு மடிப்பவள். வாயில்லாப்பூச்சி என்று சலவைக்கூடமே அவளுக்குப் பட்டம் கட்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டதே அதனால்தான். வெளியே போய் உளற மாட்டாள்.

விஷயம் இதுதான். கடல் தாண்டி வேலைக்கு வந்த அக்கா தங்கை இரண்டு பேர், ராட்சத வாஷிங் மெஷின் சுற்றுகிற தாளத்துக்கு அவர்கள் பாஷையில் ராப் பாடுவார்கள். பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத வேகம். நடுநடுவே கையை வேறு நீட்டுவார்கள். நீட்டுகிற கை பாதி நேரம் கண்ணாடி அறைப் பக்கமே வரும். அந்த பாஷை அங்கே யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே நின்று பழகியதில் இவளுக்கு மட்டும் புரியும் என்று கேள்வி.

இத்தனை நாள் அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது தலைமை அலுவலகத்துப் பெரிய மேடம் பத்து நாளில் வரப் போகிறார். மெஷின் இரைச்சலில் ஒரு வரிகூட விளங்காத வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டை நேரில் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்கு அந்த பாஷை தண்ணி பட்ட பாடாம். போன மாதம் இன்னொரு கிளையில் ஒரே ஒரு புகாரைக் கேட்டு, அங்கிருந்த சூப்பர்வைசரை மூட்டை கட்ட வைத்தவரும் அவர்தான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சன்னமாகச் சொன்னாள்.

“விசிறி மூணு மேல தொங்குது, வேலை செஞ்சு வருஷமாச்சு. வேர்த்துக் கொட்டி நாங்க நின்னா, துவைச்ச துணியும் ஈரமாச்சு. இப்படிப் போகுது சார்.”

சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று விசிறியும் சுற்றின. அந்த வரியை எடுத்துவிட்டார்களா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த இடத்தில் புதுசாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள் என்றாள்.

“தாழ்ப்பாள் இல்லாக் கக்கூஸ்ல காலால கதவைத் தாங்குறோம். தாகம் எடுத்து நாக்கு வறண்டும் தண்ணி குடிக்கத் தயங்குறோம்.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாழ்ப்பாள் இல்லாத சங்கதியே அவருக்குத் தெரியாது. பெண்கள் பகுதிப் பக்கம் அவர் எதற்குப் போகிறார்? அன்றைக்கே தச்சரை வரவழைத்தார். கையோடு ஒரு குடிதண்ணீர் மெஷினையும் வாங்கி வைத்தார். இன்னொரு பாஷையிலிருந்து வந்தும் எதுகை மோனை இப்படிக் கச்சிதமாக உட்காருகிறதே என்று மட்டும் அவருக்கு ஒரு ஆச்சரியம் இருந்தது. ராப் என்றாலே அப்படித்தான் என்று அவள் விளக்கினாள்.

மூன்றாவது வரிதான் அவரை ஆட்டிவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்க்கவில்லை.

“அம்மா ஆசையா வெச்ச பேரு ஆளுக்கு ஒண்ணு கிடக்குது. ‘ஏய்’னு கூப்பிட்ட சத்தத்துல எங்கயோ போய் முடங்குது.”

யோசித்துப் பார்த்தால், எதிரே நிற்கிறவள் பெயரே அவருக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து இருபத்திரண்டு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் சாப்பிடும்போதுகூட முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். யார் இத்தனை பொம்பளைங்க என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேடம் வந்த அன்று எல்லா மெஷினையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் தாளத்துக்கு ஓட விட்டார்கள். அக்காவும் தங்கையும் பாடினார்கள். சூப்பர்வைசர் காதுக்கு முதல் நாள் கேட்ட அதே பாட்டு மாதிரிதான் இருந்தது. நீட்டிய கையும் அதே பக்கம் வந்தது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா?

மேடம் கேட்பதற்கு முன்னால் தானே ஒப்புக்கொள்வது நல்லது என்று சூப்பர்வைசருக்குப் பட்டது.

“மேடம், அவங்க பாட்டுல சொல்ற எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு. ஃபேன், தாழ்ப்பாள், எல்லாமே. இப்ப பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன்.”

மேடம் புரியாமல் அவரைப் பார்த்தார்.

“எந்த ஃபேன்? பாட்டு முழுக்க அவங்க ஊருக்குள்ள வரவே வராத பஸ்ஸைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. அதுல ஃபேனும் இல்ல, நீங்களும் இல்ல.”

சூப்பர்வைசர் மெல்லத் திரும்பி மடிப்பு மேசைக்கு நடந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்போ எனக்கு நீ சொன்ன வரியெல்லாம்?”

“அது நான் எழுதினது சார். அடுத்து, நாள் முழுக்க நின்னு வீங்கின காலைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கேன், மேடம் கிளம்புறதுக்குள்ள பாடிடட்டுமா?”