தனி இல்லாத கச்சேரி

அழகியநம்பிக்கு, தான் இயற்றிய புதுக் கீர்த்தனையைப் பாடக் கரமனையில் கச்சேரி. ஆனால் ஐந்து மணிக்குள் அவன் கிளம்பியாக வேண்டும். மிருதங்கம் பகவதிப்பெருமாளோ, தனி ஆவர்த்தனத்தை ஒரு நிமிடம் குறைத்தாலும் மேடையிலேயே சண்டைக்கு வருபவர்.

“அண்ணாச்சி, ஒரே தலைவேதனை. இன்னைக்குத் தனி வேண்டாமே?” என்று பயந்தபடி கேட்டான்.

“அதுக்கென்ன தம்பி! எனக்கும் விரல் சுளுக்கு” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

நாலரைக்கே மங்களம் பாடிவிட்டு நம்பி பறந்தான்.

பாளையம் மைதானத்தில் திருக்கொச்சி சர்க்கார் ஆபீஸ்களின் கால்பந்து ஆட்டம். தன் ஆபீஸ் அணிக்காக அவசரமாக நிக்கர் மாட்டிக்கொண்டு இறங்கியவன், எதிரே யார் என்றுகூடப் பார்க்கவில்லை. உயரே வந்த பந்தை எம்பித் தலையால் முட்டினான்.

கோல்கீப்பர் பாய்ந்து, பத்து விரலாலும் பிடித்தார்.

“தலைவேதனை மாறிச்சா தம்பி?” என்றார் பகவதிப்பெருமாள்.