புகை நின்ற மலை

“பதினஞ்சு நாள் கடையை மூடுன்னா எப்படி? ஒரு வாரம்னு முடிச்சுக்கோ, வாயாடி.”

எரிமலைக்குப் பயந்து ஊரைக் காலி செய்யச் சொன்னால், அதற்கும் பேரம் பேசியவர் என் தாய்மாமா ஒருவர்தான்.

நான் வேலை பார்க்கும் கண்காணிப்பு நிலையத்துக்கே வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் மலை தெரிந்தது. வருஷக்கணக்காகப் புகைந்த உச்சி, துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அடிவாரத்துக் கடைத்தெருவுக்கு நிம்மதி.

போகச் சொல்ல என்னால் முடியும். பிடித்துத் தள்ள முடியாது. மாமா தன் பாத்திரக்கடை ஷட்டரை இறக்கினால் தெருவே கடையை மூடும். இல்லையென்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

அவர் கல்லாவுக்குப் பின்னால்தான் நான் வளர்ந்தேன். அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள், பாதி விலைக்குக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு படிவரை போய்த் திரும்புகிறவர்கள். மலை வெடித்து, அந்தத் தெரு இன்று ஆளுயரச் சாம்பலுக்கடியில். சத்தம் மட்டும் என் காதில்.

சொன்ன விலைக்கு எதையும் வாங்காத மனிதர். டாக்டர் மூன்று மாத்திரை எழுதினால் இரண்டுக்குப் பேசுவார். நான் வேலைக்கு வந்த பிறகும் தினமும் போனில் எங்களுக்குள் சண்டை. காரணமெல்லாம் தேவைப்படாது.

பொறுமையாகச் சொன்னேன். பாறைக்குழம்பு மெல்ல ஏறி, அதிலுள்ள வாயு வழியெல்லாம் கசிந்து போய்விட்டால், குழம்பு சமர்த்தாக வழிந்து ஓடும். போன முறை அப்படித்தான். நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தோம். இந்த முறை மேலே வந்த குழம்பு இறுகி வழியை அடைத்துவிட்டது. வாயு உள்ளேயே சேர்கிறது. வழியாது, வெடிக்கும்.

“குக்கர்ல விசில் அடைச்சுக்கிச்சுங்கிற.”

“ஆமா மாமா.”

“அடுப்பே அணைஞ்சிருக்கலாம்ல?”

சும்மாவா கடை நடத்தினார்.

“எரியுது. மலை நாளுக்கு நாள் உப்பிக்கிட்டே இருக்கு.”

மாமா ஜன்னலைப் பார்த்தார். அடுத்த விலைக்கு நான் தயாரானேன்.

“சரி” என்று எழுந்துகொண்டார்.

அவ்வளவுதான். என் ஆயுளில் அவர் வாயிலிருந்து பேரமில்லாமல் வந்த ஒரே ‘சரி’.

நம்பாமல் வாசல்வரை பின்னாலேயே போனேன்.

வெளியே அவருடைய சரக்கு வண்டி. குக்கர் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முன்சீட்டில் அத்தை, மடியில் கடையின் பெயர்ப்பலகை. அதற்குப் பின்னால் துணிக்கடை வண்டி, சைக்கிள் கடை வண்டி, மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர். வளைவு வரைக்கும் கடைத்தெரு வரிசையில் நின்றது.

“எல்லாத்தையும் ஏத்திட்டு வந்து, அப்புறம் என்ன மாமா பேரம்?”

“அது பழக்கதோஷம்.”

வண்டிக் கதவைத் திறந்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நாலு நாளா நீ போன்ல சண்டை போடவே இல்லையேம்மா. அப்பவே கட்ட ஆரம்பிச்சுட்டேன்.”