காலியான விண்டோ

இன்பவல்லியும் சவரியும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் சேர்ந்து, மற்ற நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் நூலகத்தை எழுதினார்கள். அதை வைத்து ஒருமுறை நிரல் எழுதினால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் திறந்தாலும் அந்தந்தக் கணினியின் சொந்தப் பட்டனே திரையில் வந்து நிற்கும். ஐந்தாம் வருடம் சவரிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முழுவதும் போனபின் வேலையை விட்டான். திரையை வாசித்துச் சொல்லும் கணினிக் குரலின் துணையோடு வீட்டிலிருந்தே ஏதேதோ செய்துகொண்டிருந்தான்.

பட்டன்கள் கணினிக்குக் கணினி வேறு மாதிரி தெரிவது நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி படமாக வரைந்துவிடச் சொன்னார்கள். வரைந்த பட்டன் அந்தக் குரலுக்குத் தெரியாது என்று இன்பவல்லி ஒருமுறை சொன்னாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் வரைந்து கொடுத்தாள்.

வெளியான அன்று மத்தியானம் சவரி போன் செய்தான்.

"வல்லி, புது வெர்ஷன் போட்டு நம்ம மாதிரி புரோகிராமத் திறந்தேன். விண்டோ காலியா இருக்குன்னு குரல் சொல்லுது."

"காலி இல்ல சவரி. ஏழு பட்டன் இருக்கு."

"என்னென்ன?"

அவள் தன் திரையைப் பார்த்து வாசித்தாள். திற. சேமி. அச்சிடு. தேடு. ஒவ்வொன்றுக்கும் அவன் "ம்" என்றான். ஏழும் முடிந்தது.

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

தனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரி, முதல்லேருந்து இன்னொரு தடவ வாசி" என்றான்.